கொப்பியில் கிடக்கும் காசு



சென்ற மாதம் ஒரு சகோதரியிடமிருந்து நான்கு பக்கக் கடிதமொன்று வந்தது. கிழக்கிலே ஓர் ஊர். ஊரையும் பேரையும் எழுத வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். வீதி விபத்தொன்றில் கால் முறிந்த அவரது கணவர் இரண்டு வருடங்களாகப் பாரமான வேலை எதுவும் செய்ய முடியாதவராக இருக்கிறார். சகோதரி வீட்டு முன்மண்டபத்தில் மூன்று தையல் மெஷின்களைப் போட்டு அபாயா, பாடசாலைச் சீருடை, பெருநாள் உடுப்பு எல்லாம் தைத்துக் கொடுத்துக் குடும்பத்தை நடத்துகிறார். இரண்டு குமர்ப் பிள்ளைகள் அவரிடம் சம்பளத்துக்குத் தைக்கிறார்கள்.

வேலைக்குக் குறைவில்லை, காசுதான் கைக்கு வருவதில்லை என்று எழுதுகிறார். கணவரின் சொந்தக்காரர் ஒருவரின் புடவைக் கடைக்கு நோன்புப் பெருநாளைக்காகத் தைத்துக் கொடுத்த அபாயாக்களுக்கு 42,000 ரூபா வர வேண்டும். ஹஜ்ஜுப் பெருநாளும் போய்விட்டது. வசதியான ஒரு வீட்டில் கல்யாணத்துக்குத் தைத்த உடுப்புகளுக்கு 17,500 ரூபா நிற்கிறது. பக்கத்து வளவில் கடலுக்குப் போகும் ஒருவரின் மனைவி, பிள்ளைகளின் சீருடைக்காக 6,500 ரூபா தர வேண்டும். எல்லாம் சேர்த்து 66,000 ரூபா. மூன்று பேரிடமும் அவர் ஒரு தடவைகூட வாய்திறந்து கேட்கவில்லை.

"கேட்டால் சொந்தம் முறிந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது. கேட்காவிட்டால் வீடு நடக்காது. பொறுமையாக இருந்தால் கூலி உண்டு என்கிறார்களே, மௌலவி. நான் பொறுமையாக இருப்பதா, போய்க் கேட்பதா?" என்று முடித்திருக்கிறார்.

இது அந்தச் சகோதரி ஒருவரின் கேள்வியல்ல. இடியப்பம் அவித்துக் கடைக்குக் கொடுப்பவர், பலகாரம் சுடுபவர், பாய் இழைப்பவர், கோழி வளர்த்து முட்டை விற்பவர், வீட்டில் புடவை வைத்துத் தவணைக்குக் கொடுப்பவர் என நம் ஊர்களில் எத்தனையோ தாய்மார் இதே கேள்வியை மனதில் வைத்துக்கொண்டு இருக்கிறார்கள். ஆகவே அவருக்குச் சொல்ல வேண்டியதை உங்கள் எல்லோருக்குமாக இம்மாதம் எழுதுகிறேன்.

பொறுமையின் விலையைக் கொடுப்பவர் யார்?

கடிதத்தின் கடைசிப் பக்கத்தில், கையெழுத்துக்குக் கீழே, சகோதரி இரண்டு வரி சேர்த்திருந்தார். தைக்கும் பிள்ளைகளுக்கு ஒன்றரை மாதச் சம்பளம் பாக்கி. நூலும் துணியும் கடனுக்குத் தந்த கடைக்காரருக்கு 30,000 ரூபா கொடுக்க வேண்டும். அந்தக் கடையைக் கடந்து போக வெட்கப்பட்டு இப்போது வேறு ஒழுங்கையால் சுற்றிப் போகிறாராம்.

அந்த இரண்டு வரியைத்தான் நான் திரும்பத் திரும்ப வாசித்தேன். தன் காசைக் கேட்க வெட்கப்பட்ட ஒரு பெண், பிறருடைய காசைக் கொடுக்க முடியாமல் ஒளிந்து நடக்கிறார். கடன் கொடுத்தவர் கடன்காரியாகிவிட்டார்.

சகோதரிகளே, உங்களுக்கு மட்டும் உரிய ஒன்றை நீங்கள் மனமுவந்து விட்டுக்கொடுத்தால், அது பெரிய நற்கருமம். ஆனால் அந்த 66,000 ரூபாவுக்குள் இரண்டு ஏழைப் பிள்ளைகளின் கூலி இருக்கிறது. நூல்காரரின் முதல் இருக்கிறது. வேலை செய்தவரின் வியர்வை உலரும் முன் கூலியைக் கொடுத்துவிட வேண்டும் என்று நம் நபி (ஸல்) அவர்கள் கற்றுத் தந்திருக்கிறார்கள். அந்தக் கூலியைப் பிடித்து வைத்துக்கொண்டு, புடவைக் கடை முதலாளியின் முகத்தைப் பார்த்து நாம் மௌனமாக இருந்தால் அந்தப் பொறுமையின் விலையைக் கொடுப்பது யார்? நாமல்ல, தைக்கிற பிள்ளைகள். இதைப் பொறுமை என்று நாம் பெயர் வைக்க முடியாது.

உரிமை உள்ளவருக்குப் பேச இடமுண்டு

நபி (ஸல்) அவர்கள் ஒருவருக்கு ஓர் ஒட்டகம் கொடுக்க வேண்டியிருந்தது. அவர் வந்து மிகவும் கடுமையாகக் கேட்டார். அருகிலிருந்த ஸஹாபாக்களுக்குக் கோபம் வந்துவிட்டது. நபியவர்கள் அவர்களைத் தடுத்தார்கள். உரிமை உள்ளவருக்குப் பேச இடமுண்டு, அவரை விட்டுவிடுங்கள் என்ற கருத்தில் சொன்னார்கள். பின்பு அவருக்குரிய வயதுடைய ஒட்டகம் கிடைக்காதபோது, அதைவிடச் சிறந்ததையே வாங்கிக் கொடுக்கச் செய்தார்கள். அபூ ஹுரைரா (ரழி) அவர்கள் அறிவிக்கும் இச்சம்பவம் புகாரி, முஸ்லிம் இரண்டிலும் பதிவாகியிருக்கிறது.

கேட்டவர் பேசிய முறை அழகானதல்ல. ஆனாலும் கேட்கும் உரிமையை நபியவர்கள் மறுக்கவில்லை. அல்லாஹ்வின் தூதரிடமே கேட்கலாம் என்றால், மச்சான் முறையான கடைக்காரரிடம் கேட்பதில் என்ன பாவம்?

இன்னுமொன்று. மனைவி தன் கையால் உழைத்த காசு மனைவிக்கே சொந்தம் என்பது மார்க்கத்தில் தெளிவான சட்டம். "பொம்பிளைக்கு ஏன் கணக்கு வழக்கு?" என்று யாராவது சொன்னால், அவர் மார்க்கத்தைப் பேசவில்லை, ஊர்ப் பழக்கத்தைப் பேசுகிறார்.

இயலாதவரும் இழுத்தடிப்பவரும்

கேட்கலாம் என்றவுடன், எல்லோரிடமும் ஒரே மாதிரிக் கேட்கலாம் என்று எண்ணிவிடாதீர்கள். மார்க்கம் கடனாளிகளை இரண்டாகப் பிரித்துப் பார்க்கிறது.

ஸூரதுல் பகராவின் 280ஆவது ஆயத்து, கஷ்டத்தில் இருப்பவருக்கு வசதி வரும்வரை அவகாசம் கொடுக்கும்படி பணிக்கிறது. அதைத் தர்மமாக விட்டுவிடுவது இன்னும் நல்லது என்கிறது. கையில் வைத்துக்கொண்டு தவணை சொல்பவரைப் பற்றியோ, வசதியுள்ளவர் இழுத்தடிப்பது அநியாயம் என்பதே நபி (ஸல்) அவர்களின் தீர்ப்பு.

கடிதம் எழுதிய சகோதரியின் மூன்று கடன்களையும் இந்தத் தராசில் வைத்துப் பாருங்கள். கடலுக்குப் போகிறவரின் வீட்டில் உண்மையாகவே இல்லை. புடவைக் கடைக்காரரோ பெருநாளைக்கு முதல் வாரமே அந்த அபாயாக்களைக் கைக்காசுக்கு விற்றுவிட்டார். இவரது உழைப்பை அவர் தன் வியாபாரத்துக்கு முதலாகப் போட்டுச் சுழற்றிக்கொண்டிருக்கிறார். கல்யாண வீட்டுக்காரர் மண்டபத்துக்கும் வாகனத்துக்கும் உடன் காசு கொடுத்தவர். தையற்காரியின் காசுதான் அவருக்கு மறந்துபோயிற்று.

நம்மில் பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறோம். ஏழையிடம் போய் வாசலில் நின்று சத்தம் போட நமக்குத் துணிவு வருகிறது. பெரிய வீட்டுக் கேற்றைத் தட்டத்தான் கை நடுங்குகிறது.

என் வாப்பாவின் கொப்பி

இதை நான் கிதாபில் மட்டும் படிக்கவில்லை. என் வாப்பா ஒரு சிறிய சில்லறைக் கடை வைத்திருந்தார். நான் அரபுக் கல்லூரியில் ஓதிக்கொண்டிருந்த காலத்தில் திடீரென மவுத்தானார். எனக்குப் பதினாறு வயது. தங்கைக்கு ஏழு.

ஜனாஸாத் தொழுகைக்கு முன்பு வழக்கமாகச் சொல்லும் அறிவித்தலை என் சாச்சா சொன்னார். மையித்து யாருக்காவது ஏதும் கொடுக்க வேண்டியிருந்தால் வாரிசுகளிடம் வந்து பெற்றுக்கொள்ளுங்கள் என்றார். இரண்டு பேர் வந்தார்கள், கொடுத்து முடித்தோம். ஆனால் மையித்துக்குக் கொடுக்க வேண்டியவர்கள் வாருங்கள் என்று சொல்லும் வழக்கம் எந்த ஊரிலும் இல்லை.

வாப்பாவின் லாச்சிக்குள் ஒரு கடன் கொப்பி இருந்தது. அதில் பேர்கள் இல்லை. "மூலை வீடு", "பெரியவர்", "வண்டி" என்றிருந்தது. பக்கத்தில் தொகை. திகதி பாதி இடங்களில் இல்லை. வாப்பாவுக்கு எல்லாம் மனப்பாடம். அவருக்குப் பின் அந்த மனப்பாடத்தை யாரிடம் கேட்பது?

உம்மா இத்தாவில் இருந்தார். வெளியில் இறங்க முடியாது. என்னைக் கொப்பியோடு அனுப்பினார். "பெரியவர்" யார் என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். 3,200 ரூபா. அந்த வீட்டுக்குப் பதினொரு தடவை போனேன். ஒவ்வொரு தடவையும் தேநீர் தந்தார்கள், "நாளைக்கு வாங்க தம்பி" என்றார்கள். பன்னிரண்டாம் தடவை, வாப்பா உயிரோடிருக்கும்போதே கொடுத்துவிட்டதாகச் சொன்னார்கள். கொப்பியில் கையொப்பம் இல்லை, சாட்சி இல்லை. திரும்பி வந்தேன்.

"மூலை வீடு" 480 ரூபா. அங்கே புருசன் இல்லாத ஒரு தாயும் நான்கு பிள்ளைகளும். நான் போன நேரம் உப்புப் போட்ட கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார்கள். அந்தத் தாய் கொப்பியைப் பார்க்கவே இல்லை. "தம்பி, இருக்கு. தருவன். இப்ப இல்ல" என்று மட்டும் சொன்னார்.

உம்மாவிடம் சொன்னேன். அவர் உடனே பேனையை எடுத்து அந்தப் பெயரை வெட்டப் போனார். அன்று மாலை என் உஸ்தாத் எங்களைப் பார்க்க வந்திருந்தார். திரைக்கு அப்பாலிருந்து உம்மா கேட்டார், அதை விட்டுவிடலாமா என்று. உஸ்தாத் சொன்ன பதில் இன்றும் நினைவில் இருக்கிறது. மவுத்தானவருக்கு வர வேண்டிய கடன் வாரிசுகளின் சொத்து. பிள்ளைகள் இருப்பதால் மனைவியின் பங்கு எட்டில் ஒன்று, அதை நீங்கள் விட்டுக்கொடுக்கலாம். மகன் பருவமடைந்தவர், அவர் விரும்பினால் தன் பங்கை விடலாம். சின்னப் பிள்ளையின் பங்கை விட்டுக்கொடுக்க யாருக்கும் உரிமை இல்லை, அது அநாதையின் முதல் என்றார்.

வாப்பாவின் பெற்றோர் முன்பே மவுத்தாகியிருந்தனர். ஆகவே கணக்கு இலேசானது. 480 ரூபாவில் உம்மாவுக்கு 60. மீதி 420இல் எனக்கு 280, தங்கைக்கு 140. உம்மா தன் 60ஐ விட்டார். நான் 280ஐ விட்டேன். தங்கையின் 140 ரூபாவை உம்மா இடியப்பம் விற்ற காசிலிருந்து எடுத்து அவளுடைய உண்டியலில் போட்டார். அதன் பிறகுதான் அந்தப் பெயரை வெட்டினார்.

கொப்பியில் எழுதும் ஒரு வரி எத்தனை பேருடைய உரிமையைச் சுமக்கிறது என்பதை அன்று அறிந்தேன். பெரியவர் வீட்டில் நின்றுபோன 3,200 ரூபாவிலும் தங்கையின் பங்கு இருந்தது. அதைப் பற்றி அங்கே யாரும் யோசிக்கவில்லை.

முதல் வேலை, எழுதுவது

அல்குர்ஆனில் மிக நீளமான ஆயத்து எதைப் பற்றியது தெரியுமா? ஸூரதுல் பகராவின் 282ஆவது ஆயத்து. கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பது பற்றியது. தொகை சிறிதானாலும் பெரிதானாலும் தவணையோடு எழுதச் சோம்ப வேண்டாம் என்று அது படிப்பிக்கிறது. நாமோ "நம்ம ஆள்தானே, எழுதினா மனம் நோகும்" என்கிறோம். எழுதாமல் விட்டுப் பின்பு கோபப்படும்போது நோவது இரண்டு மனங்கள்.

புத்தகக் கடையில் இரட்டைப் பிரதி பில் புத்தகம் கிடைக்கும். நடுவில் காபன் தாளை வைத்து எழுதுங்கள். முழுப் பெயர், திகதி, பொருள், எண்ணிக்கை, தொகை, பெற்றுக்கொண்ட முற்பணம், மீதி, மீதி தரும் நாள் ஆகிய எட்டும் இருக்க வேண்டும். வாங்குபவரின் கையொப்பத்தையும் வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு பிரதி அவருக்கு, மற்றது உங்களுக்கு. இப்போது பலர் வட்ஸ்அப்பில் ஓடர் எடுக்கிறீர்கள். அந்தச் செய்திகளை அழித்துவிடாதீர்கள். கொப்பி எங்கே இருக்கிறது என்பது உங்கள் வீட்டில் இன்னுமொருவருக்குத் தெரிந்திருக்கட்டும். என் வாப்பா விட்ட பிழையை நீங்கள் விடாதீர்கள்.

நாட்டுச் சட்டத்திலும் ஒன்றைத் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும். 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் காலவிதிப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, விற்றுக் கொடுத்த பொருளின் விலை, கடைப் பில், கொப்பிக் கடன், செய்த வேலைக்கான கூலி இவற்றுக்கு, காசு தர வேண்டிய நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் வழக்குத் தொடர வேண்டும். எழுத்து மூலமான ஒப்பந்தமென்றால் ஆறு வருடங்கள். கடனாளி கையொப்பமிட்டுக் கடனை ஏற்றுக்கொண்டாலோ, ஒரு பகுதியைச் செலுத்தினாலோ, காலம் மறுபடி கணக்கிடப்பட இடமுண்டு. வெட்கத்தில் ஒரு வருடம் மௌனமாக இருந்தவருக்கு நீதிமன்றத்தின் கதவு சாத்தப்பட்டுவிடலாம். ஆனால் கடனாளி மகிழ்ச்சியடைய வேண்டாம். அல்லாஹ்விடத்தில் கடனுக்குக் காலாவதி கிடையாது.

கேட்கும் முறை

விற்கும்போதும் வாங்கும்போதும் தன் உரிமையைக் கேட்கும்போதும் தாராளமாக நடப்பவருக்கு நபி (ஸல்) அவர்கள் அல்லாஹ்வின் அருளைக் கேட்டுப் பிரார்த்தித்திருக்கிறார்கள். இந்த துஆவுக்குள் நாமும் அடங்க வேண்டுமானால் கேட்பதிலும் ஓர் ஒழுங்கு வேண்டும்.

தவணை நாள் வந்ததும் கேளுங்கள். மூன்று மாதம் உள்ளுக்குள் புழுங்கிவிட்டு நான்காம் மாதம் கேட்டால் வார்த்தையில் நெருப்பு வரும். தவணைக்கு மறுநாள் கேட்டால் வெறும் ஞாபகப்படுத்தலாக இருக்கும்.

தனியாகக் கேளுங்கள். கல்யாண வீட்டில், ஜனாஸா வீட்டில், மற்றப் பெண்கள் இருக்கும் இடத்தில், அவருடைய பிள்ளைகளுக்கு முன்னால் கேட்காதீர்கள். குடும்பத்தார் எல்லோரும் இருக்கும் வட்ஸ்அப் குழுமத்தில் போடவே போடாதீர்கள். உங்கள் சின்னப் பிள்ளையையும் அனுப்பாதீர்கள். பதினொரு தடவை போன பிள்ளையின் மனதில் என்ன நடக்கும் என்பது எனக்குத் தெரியும்.

தொகையையும் நாளையும் சேர்த்துச் சொல்லுங்கள். "நானா, நோன்புப் பெருநாளைக்குத் தந்த அபாயாக் கணக்கு நாற்பத்திரண்டாயிரம் இன்னும் நிக்குது. தைக்கிற பிள்ளைகளுக்குச் சம்பளம் குடுக்கணும். இந்த வெள்ளிக்கிழமைக்குள்ள எவ்வளவு தர ஏலும்? மிச்சத்த எப்ப தருவீங்க?" இவ்வளவுதான். அழவும் வேண்டாம், ஏசவும் வேண்டாம். அவர் சொல்லும் பதிலை அவருக்கு முன்பாகவே எழுதுங்கள். எழுதும்போது மனிதன் பொறுப்போடு பேசுவான்.

முழுவதையும் ஒரே நாளில் தர முடியாதவரிடம் பிரித்து வாங்குங்கள். மஸ்ஜிதுன் நபவியில் கஃப் இப்னு மாலிக் (ரழி) அவர்கள் ஒருவரிடம் கடனைக் கேட்டபோது இருவரின் சத்தமும் உயர்ந்துவிட்டது. நபி (ஸல்) அவர்கள் தம் அறையின் திரையை விலக்கி, பாதியை விட்டுக்கொடுக்கும்படி கஃபுக்குச் சைகை செய்தார்கள். அவர் விட்டுக்கொடுத்தார். உடனே மற்றவரிடம், எழுந்து மீதியைச் செலுத்தும்படி பணித்தார்கள். விட்டுக்கொடுத்தலும் செலுத்துதலும் அந்த ஒரே சபையில் நடந்து முடிந்தன. நாம் முதற்பாதியை மட்டும் பயானில் சொல்கிறோம், இரண்டாம் பாதியை மறந்துவிடுகிறோம்.

பழைய கணக்கு நிற்கும்போது புதிய சரக்கைக் கடனுக்குக் கொடுக்காதீர்கள். "பழையதை முடிச்சிட்டு எடுங்க நானா" என்று சொல்வது கஞ்சத்தனமல்ல. அடுத்த பெருநாள் ஓடருக்கு, பாதிக் காசை முற்பணமாக வாங்கிய பின்பே துணியை வெட்டுங்கள்.

இத்தனைக்கும் பிறகு தராவிட்டால், இருவருக்கும் பொதுவான ஒரு பெரியவரிடம் அல்லது பள்ளிவாசல் நிர்வாகத்திடம் சொல்லுங்கள். உதவி செய்யக்கூடியவரிடம் முறையிடுவது புறம் பேசுவதில் சேராது என்று இமாம் நவவி (ரஹ்) அவர்கள் விளக்கியிருக்கிறார்கள். அதையே நான்கு வீட்டு வாசலில் நின்று சொன்னால் புறமாகிவிடும். பள்ளிவாசலாலும் முடியாதபோது மத்தியஸ்த சபை இருக்கிறது. 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்தது. குறித்த தொகைக்கு உட்பட்ட காசுப் பிணக்குகள் நீதிமன்றம் போகுமுன் அங்கேதான் போக வேண்டும். சட்டத்தரணி பிடிக்கத் தேவையில்லை. பில்லின் பிரதியும் உங்கள் கொப்பியும் அங்கே உங்களுக்காகப் பேசும்.

செய்யக் கூடாதவை

பிந்தியதற்காக ஒரு தொகையைக் கூட்டி வாங்கி உங்கள் கைக்கு எடுத்துக்கொள்ளாதீர்கள். தவணை வந்ததும் "தருகிறாயா, கூட்டுகிறாயா?" என்று கேட்டது ஜாஹிலிய்யாக் காலத்து வட்டி. நியாயமான காசுக்குள் ஹராமைக் கலந்துவிடாதீர்கள்.

சிலர் விலைவாசியைக் காட்டிக் கேட்கிறார்கள். 2022ஆம் ஆண்டு செப்டெம்பரில் கொழும்பில் பணவீக்கம் ஏறத்தாழ 70 வீதத்தைத் தொட்டது. அதற்கு முன்பு கொடுத்த 10,000 ரூபா இன்று பாதிப் பெறுமதிகூட இல்லையே, கூட்டி வாங்கலாமா என்று கேள்வி. 1988ஆம் ஆண்டு குவைத்தில் கூடிய சர்வதேச ஃபிக்ஹ் அகடமி, எந்த நாணயத்தில் எவ்வளவு கடனோ அதையே திருப்புவது என்று தீர்மானித்தது. விலை ஏற்றத்தோடு கடனை இணைக்கக் கூடாது என்பதே அதன் முடிவு. கடனாளி கேட்கப்படாமலே, நிபந்தனை எதுவுமின்றி, மனமுவந்து கூட்டித் தந்தால் அது வேறு. ஒட்டகச் சம்பவத்தில் நபியவர்கள் செய்து காட்டியதும் அதுதான்.

ரமழானில் வழமையாக வரும் கேள்வி ஒன்று. "அவளால் தர முடியாது. அந்தக் கடனை என் ஸகாத்தாகக் கழித்துவிடலாமா?" ஷாபிஈ மத்ஹபின் சரியான கருத்துப்படி அப்படிக் கழித்தால் ஸகாத் நிறைவேறாது. அவர் ஸகாத் பெறத் தகுதியானவராயின், ஸகாத்தை அவர் கையில் கொடுங்கள். எந்த நிபந்தனையும் போடாதீர்கள். அவர் தன் விருப்பத்தில் அதிலிருந்து உங்கள் கடனைத் திருப்பினால் வாங்கிக்கொள்ளலாம். கடனை விட்டுக்கொடுப்பதானால் ஸதகாவாக விட்டுக்கொடுங்கள். மக்களுக்குக் கடன் கொடுத்து, கஷ்டப்பட்டவரை விட்டுவிடும்படி தன் பணியாளிடம் சொல்லி வந்த ஒரு மனிதரை அல்லாஹ் மன்னித்தான் என்ற ஹதீஸ் நமக்குப் போதும்.

கொடுக்க வேண்டிய சகோதரிக்கு

இதை வாசிக்கும் உங்களில் சிலர் தையற்காரிக்கோ, இடியப்பக்காரிக்கோ கொடுக்க வேண்டியவராகவும் இருப்பீர்கள். "அவ கேக்கல்லியே" என்று நினைக்காதீர்கள். கேட்காமலிருப்பது அவருடைய வெட்கம். அதில் உங்களுக்கு உரிமை ஏதுமில்லை. கடனோடு மவுத்தான ஒருவருக்கு ஜனாஸாத் தொழுவிக்க நபி (ஸல்) அவர்கள் முன்வரவில்லை. அபூ கதாதா (ரழி) அவர்கள் அந்தக் கடனைப் பொறுப்பேற்ற பின்பே தொழுவித்தார்கள். அது ஒரு சில தீனார்கள்தான். இந்த இதழை மடித்து வைத்துவிட்டு, இன்று அஸருக்கு முன் போய்க் கொடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால், இல்லை என்பதையும் எப்போது தருவீர்கள் என்பதையும் சொல்லிவிட்டு வாருங்கள். அவருக்கு அதுவே பாதி நிம்மதி.

மறு கடிதம்

சகோதரிக்கு மேற்சொன்னவற்றைச் சுருக்கமாக எழுதி அனுப்பியிருந்தேன். இந்த இதழுக்கு எழுத அமர்ந்தபோது அவருடைய இரண்டாவது கடிதம் வந்தது.

கணவரையும் கூட்டிக்கொண்டு புடவைக் கடைக்குப் போயிருக்கிறார். கடைக்காரர் முதலில் முகத்தைச் சுளித்தாராம். பின்பு கொப்பியில் கையொப்பமிட்டு நான்கு தவணையாகத் தர ஒத்துக்கொண்டார். முதல் தவணை 10,500 ரூபா வந்துவிட்டது. அது முழுவதும் அன்றே தைக்கும் பிள்ளைகளின் கைக்குப் போயிருக்கிறது. கடலுக்குப் போகிறவரின் மனைவியிடம், மாரி முடிந்து தோணி இறங்கும்வரை தவணை என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார். அந்தப் பெண் இவருடைய கையைப் பிடித்துக்கொண்டு அழுதாராம். கல்யாண வீட்டிலிருந்து இன்னும் ஒன்றும் வரவில்லை. "நாளைக்கு" என்றிருக்கிறார்கள். அந்த நாளையையும் திகதி போட்டு எழுதி வைத்திருப்பதாகச் சொல்கிறார்.

"மச்சான் முறையானவர் இப்போது முன்போலச் சிரித்துப் பேசுவதில்லை" என்றும் எழுதியிருக்கிறார். அது நடக்கக்கூடியதுதான் சகோதரி. ஸலாத்தை நீங்கள் நிறுத்தாதீர்கள். கடைசித் தவணை முடிந்த பின் அந்தச் சிரிப்பு திரும்பி வரலாம், வராமலும் போகலாம். ஆனால் நூல்காரரின் கடைக்கு முன்னால் நீங்கள் தலை நிமிர்ந்து நடக்கும் நாள் வரும், இன்ஷா அல்லாஹ்.

கொடுக்க வேண்டியதை மவுத்துக்கு முன் கொடுத்து முடிக்கும் பாக்கியத்தையும், வர வேண்டியதைக் கண்ணியமாகக் கேட்கும் துணிவையும், இயலாதவரை விட்டுக்கொடுக்கும் மனதையும் அல்லாஹ் நம் எல்லோருக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.